தாலிக்கொடி அடகில் இருக்கிறது. சபைக்கு எப்படிப் போவது?

களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து முன்பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை எவரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தின் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 36. கணவர் மேசன். ஒரே மகளுக்கு 13 வயது. திருமணத்தின்போது பெற்றோர் அவருடைய பெயரில் வீடு வளவை எழுதிக் கொடுத்து, 7 பவுண் நகையும் போட்டிருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் வாழும் தங்கை சென்ற ஆண்டு விடுமுறையில் வந்து, தன் மகளின் சாமத்தியச் சடங்கை மட்டக்களப்பு நகரில் மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்தார். சில மாதங்களின் பின் இவருடைய மகளும் பெரியபிள்ளையானபோது, குறைவாகச் செய்தால் இனசனத்துக்கு முன் தலை நிமிர முடியாது என்று எண்ணி, தாலிக்கொடியை வங்கியில் அடகு வைத்தும் பெண்கள் குழுக் கடன் எடுத்தும் மேடை, வீடியோ, அல்பம் என்று எல்லாம் செய்திருக்கிறார். அப்படிச் செய்தும், "தங்கச்சிர வீட்டுச் சடங்கு மாதிரி வராது" என்ற கதை காதில் விழுந்தது. அன்றிலிருந்து கலியாண வீடுகளுக்கு மட்டுமல்ல, வைகாசியில் ஊர்க் கண்ணகை அம்மன் சடங்குக்கும் அவர் போகவில்லை. கழுத்தில் இருக்கும் மஞ்சள் கயிறு தெரியாதபடி முந்தானையை ஊசியால் குத்திக்கொண்டுதான் முன்பள்ளிக்கும் போகிறார். மகள் முகம் வெளுக்கும் கிரீம் ஒன்றைத் தோழியிடம் வாங்கிப் பூசத் தொடங்கியிருக்கிறாள். கடனை அடைப்பதற்காக வீட்டை ஈடு வைப்போம் என்று கணவர் சொல்ல, இவரோ குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போக முகவர் ஒருவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டார். "இரண்டு வருடத்தில் கொடியை மீட்டு, மகளுக்கு 10 பவுணும் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? நான் பொருளாசை பிடித்தவளா? பொறாமைக்காரியா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஏதோ முக்கியமில்லாத விடயம் போல, "சில இரவுகளில் விடியாமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நகையையும் கடனையும் பற்றிப் பேசுவதற்கு முன் நான் பதில் சொல்ல வேண்டியது இந்த வரிக்குத்தான். தூக்கம் கெட்டு, சாப்பாட்டில் மனம் செல்லாமல், எதிலும் பற்றில்லாமல் இரண்டு வாரங்களுக்கு மேலாக இருந்துவருகிறீர்கள் என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் உண்டு. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உளநல மருத்துவரைச் சந்தியுங்கள். அந்த எண்ணம் இரவில் வலுத்து வந்தால், விடியும்வரை காத்திராமல் உங்கள் கணவரை எழுப்பிச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். கடன் உள்ள குடும்பத்துக்கு இது வீண் செலவு என்று எண்ணி இதைத் தள்ளிப்போட வேண்டாம். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை.

இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

தங்கம் வேறு, தங்கத்தால் அளக்கப்படுவது வேறு

தங்கத்தை விரும்புவதாலேயே நீங்கள் பொருளாசை பிடித்தவர் ஆகிவிட மாட்டீர்கள். கிழக்கில் ஒரு பெண்ணுக்கு நகை என்பது அழகுக்கு முன்னரே சேமிப்பாக இருந்து வந்திருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியிலும், போர்க்கால இடம்பெயர்வுகளிலும், 2004 டிசம்பர் சுனாமியிலும் வீட்டையும் பத்திரங்களையும் இழந்து ஓடிய குடும்பங்கள் பலவற்றுக்குப் பெண்ணின் கழுத்திலும் காதிலும் கிடந்ததுதான் அடுத்த மாதத்து அரிசியாக மாறியது. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் மாரி வெள்ளாமைக்கு விதைக்கும்போது மனைவியின் நகை வங்கிக்குப் போவதும், அறுவடை முடிந்து நெல் விற்றதும் திரும்பி வருவதும் வழக்கமான கணக்கு. அந்த மாதங்களில் வெறும் கழுத்தோடு கோயிலுக்குப் போகும் பெண்ணை ஊர் ஏளனமாகப் பார்ப்பதில்லை. அவளும் தன்னைக் குறைவாக எண்ணுவதில்லை.

அப்படியானால், அதே வங்கியில், அதே அடகுச் சீட்டில் உங்கள் கொடி இருக்கும்போது உங்களுக்கு ஏன் இவ்வளவு வெட்கமாக இருக்கிறது? நகை விதைப்புக்குப் போகும்போது அது உங்கள் கையிலுள்ள கருவி. சபையில் உங்கள் இடம் எது என்று காட்டுவதற்காகப் போகும்போது, நகைக்குப் பதிலாக நீங்களே தராசில் ஏறி நிற்கிறீர்கள். உங்கள் துயரம் தொடங்கும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மார்ஷா ரிச்சின்ஸ், ஸ்கொட் டோசன் என்ற ஆய்வாளர்கள் 1992 இல் பொருள்சார் மதிப்பீடுகளை அளக்க ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் ஒருவர் எவ்வளவு வைத்திருக்கிறார், எவ்வளவு ஆசைப்படுகிறார் என்று அவர்கள் எண்ணவில்லை. பொருள் சேர்ப்பது வாழ்க்கையின் மையமாக இருக்கிறதா, மகிழ்ச்சி பொருளால்தான் வரும் என்று நம்புகிறாரா, தன்னுடையதும் பிறருடையதுமான வெற்றியைப் பொருளால் அளக்கிறாரா என்ற மூன்றையுமே பார்த்தார்கள். உங்கள் கடிதத்தை இந்த மூன்றோடும் வைத்துப் பார்த்தேன். முதலாவது உங்களிடம் இல்லை. மாதம் 15,000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு நிறப் பென்சில் வாங்கிக் கொடுப்பவரின் வாழ்க்கையின் மையம் பொருளாக இருக்க முடியாது. மூன்றாவது இருக்கிறது, அதுவும் ஆழமாக இருக்கிறது. உங்கள் தங்கையைப் பற்றி நீங்கள் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு தொகையோ ஒரு பொருளோ வருகிறது. அவர் எப்படி இருக்கிறார், அங்கே தனியாக என்ன செய்கிறார் என்ற ஒரு சொல்லும் இல்லை. உங்களைப் பற்றி எழுதிய இடங்களிலும் அப்படியே.

இதைப் பொறாமை என்று பெயரிட்டு உங்களை நீங்களே தண்டிக்க வேண்டியதில்லை. மனிதர் தம்மை ஒப்பிடுவது எட்டாத உயரத்திலுள்ள செல்வந்தரோடு அல்ல, தமக்கு நெருங்கியவரோடுதான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954 இலேயே எழுதினார். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே பாயில் படுத்து வளர்ந்த தங்கையை விட நெருங்கியவர் வேறு யார் இருக்கிறார்? உங்கள் தங்கையோடு எட்டு மாதங்களாகச் சரியாகப் பேசவில்லை என்கிறீர்கள். அதன் காரணம் அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன். உறவினர் வட்சப் குழுவைச் சில மாதங்களுக்கு மௌனப்படுத்திவிட்டு, தங்கையோடு மட்டும் நேரே குரலில் பேசுங்கள். கடனைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

கழுத்தைக் காவல் காக்கும் மனம்

நீங்கள் எழுதியவற்றுள் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது பெற்றோர் கூட்டச் சம்பவம். பிள்ளைகளின் சத்துணவு பற்றிப் பேச எழுந்தீர்கள். ஊசி கழன்று மஞ்சள் கயிறு தெரிகிறதோ என்ற எண்ணம் வந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. சொல்ல வந்தது மறந்து, "பிறகு சொல்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டீர்கள். பதினொரு வருட அனுபவமுள்ள ஆசிரியை என்ற நிலையில் இது உங்களுக்குப் பெரிய அவமானமாகத் தோன்றியிருக்கிறது.

இது திறமைக் குறைவு அல்ல. பெண்கள் தம் உடலைத் தம் உள்ளிருந்து உணர்வதை விட்டு, பார்ப்பவர் கண்ணால் வெளியிலிருந்து பார்க்கப் பழகிவிடுகிறார்கள் என்றும், அந்த இடைவிடாத கண்காணிப்பு வெட்கத்தையும் பதற்றத்தையும் வளர்க்கிறது என்றும் பாபரா ஃபிரெட்ரிக்சன், டோமி ஆன் ரொபேட்ஸ் ஆகிய இரு பெண் ஆய்வாளர்கள் 1997 இல் விளக்கினார்கள். அடுத்த ஆண்டு வெளியான ஒரு சோதனையில், மாணவ மாணவியரை ஒவ்வொருவராகக் கண்ணாடி உள்ள அறையில் தனியே விட்டு, சிலருக்கு நீச்சலுடையும் சிலருக்குக் குளிர்ச்சட்டையும் அணியக் கொடுத்து, கணிதக் கேள்விகளைச் செய்யச் சொன்னார்கள். அறையில் வேறு எவரும் இல்லை. ஆனாலும் நீச்சலுடை அணிந்த பெண்கள் கணிதத்தில் குறைவாகவே செய்தார்கள். ஆண்களிடம் அந்த வீழ்ச்சி காணப்படவில்லை. தோற்றத்தைக் காவல் காக்கும் மனத்துக்கு வேறு வேலைக்கு இடம் குறைந்துவிடுகிறது. உங்கள் பெற்றோர் கூட்டத்தில் நடந்ததும் இதுவே.

பொருளாசைக்கும் இந்தக் கண்காணிப்புக்கும் உள்ள தொடர்பையும் ஆய்வுகள் தொட்டிருக்கின்றன. சீனாவின் இளம் பெண்களிடையே செய்யப்பட்டு 2017 இல் ஒரு சஞ்சிகையில் வெளியான ஆய்வு, பொருள்சார் மதிப்பீடுகள் மிகுந்தவர்கள் தம் உடலையும் ஒரு காட்சிப் பொருளாகக் கண்டு அதிகம் கண்காணிப்பதைக் காட்டியது. எதையும் விலையால் மதிப்பிடும் பழக்கம் வீட்டுத் தளபாடத்தோடு நின்றுவிடாது; கழுத்து, நிறம், இடுப்பு, தலைமுடி என்று தன் உடலுக்கும் ஒரு விலை போடத் தொடங்கும். உங்கள் வீட்டில் இதற்கு நேரடிச் சான்றே இருக்கிறது. உங்கள் மாமி மகளைப் பார்த்து, "புள்ள கறுப்பு, நிறம் குறைஞ்சா பவுண் கூடக் குடுக்கணும் மறுகா" என்றதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு குழந்தையின் தோல் அங்கே பவுண் கணக்காக மாற்றப்பட்டுவிட்டது.

10 பவுண் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற உங்கள் எண்ணத்தை நான் ஏற்க மாட்டேன். டிம் காசர், ரிச்சர்ட் றயன் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட ஆய்வுகளில், பணவெற்றியைத் தம் மற்றைய இலக்குகளுக்கு மேலாக வைத்தவர்களிடம் மனநிறைவு குறைவாகவும் பதற்றமும் சோர்வும் அதிகமாகவும் காணப்பட்டன. பணம் கிடைப்பது தீமை என்பது இதன் பொருள் அல்ல. கடன் அடைவது உங்களுக்கு உண்மையான ஆறுதலைத் தரும். ஆனால் சபையில் இடம் பெறுவதற்காகச் சேர்க்கும் பவுணுக்கு எல்லை இல்லை. தங்கை 25 போட்டால் உங்கள் 10 மறுபடியும் குறைவாகிவிடும். சாமத்தியச் சடங்கிலேயே இதை நீங்கள் அனுபவித்துவிட்டீர்கள். இருந்ததையெல்லாம் போட்டுச் செய்தும், வந்த கதை "தங்கச்சிர வீடு மாதிரி வராது" என்பதுதானே?

செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுக்குள்ளும், பிறகு முன்பள்ளியிலும், ஊசி குத்தாமல், கயிற்றை மறைக்காமல் இருந்து பாருங்கள். முதல் நாட்களில் பதற்றம் கூடும்; அதற்காக உடனே மறைக்காமல் சற்றுத் தாங்கி இருந்தால் அது தானாக இறங்கும். எத்தனை பேர் கவனித்தார்கள், எவர் என்ன கேட்டார்கள் என்று மாலையில் குறித்து வையுங்கள். நீங்கள் அஞ்சிய அளவுக்கு எவரும் பார்ப்பதில்லை என்பதைப் பெரும்பாலானோர் சில வாரங்களில் கண்டுகொள்கிறார்கள். எவராவது கேட்டால், "கொடி வங்கியில இரிக்கி" என்ற ஒரு பதில் போதும். பிறகு ஒரு சிறு சபைக்குப் போங்கள். பெரிய கலியாண வீட்டிலிருந்து தொடங்க வேண்டாம். அடுத்த வைகாசிக்கு இன்னும் காலம் இருக்கிறது. கணவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கேட்க விரிந்த கூந்தலோடு அரசவைக்கு வந்து நின்றவளின் சந்நிதிக்கு, கொடி இல்லாத காரணத்தால் நீங்கள் போகாமல் இருந்தீர்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

மகளும் அந்தக் கிரீமும்

இதைத் தாமதிக்க வேண்டாம். உரிய பெயர்ப்பட்டி இல்லாமல் கைமாறும் வெண்மையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலினூடாக உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது. வேறு சிலவற்றில் மருத்துவர் எழுதிக் கொடுத்துப் பயன்படுத்த வேண்டிய ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். அது தொடக்கத்தில் முகத்தை வெளுக்கச் செய்து, பின்னர் தோலை மெலியவைத்து, பருக்களையும் சிவந்த இரத்தக்குழாய்க் கோடுகளையும் உண்டாக்கும். சில வாரங்களாகப் பூசிவந்திருந்தால், திடீரென நிறுத்தும்போது முகம் எரிந்து சிவக்கலாம். மகள் பயந்து மறுபடியும் பூசத் தொடங்குவது அப்போதுதான். ஆகவே அந்தக் குப்பியை எறியாமல் கையோடு எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு தோல் நோய்க் கிளினிக்குக்குப் போங்கள்.

மகளைத் திட்டாதீர்கள். தன் காதில் விழுந்த கணக்குக்கு அவள் தனக்குத் தெரிந்த விடையைக் கண்டிருக்கிறாள். வீட்டுச் செலவைக் குறைக்க முயல்கிறாள் என்றுகூடச் சொல்லலாம். மாமி அடுத்த முறை அப்படிப் பேசும்போது, மகள் கேட்கும்படியாகவே, கோபம் இல்லாமல், "மாமி, புள்ளைக்கு முன்னால நிறத்தையும் பவுணையும் சேர்த்துக் கதைக்காதீங்க" என்று சொல்லுங்கள். மாமி மாறுவாரா என்பது வேறு விடயம். தாய் தனக்காகப் பேசினாள் என்பது மகளுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடி முன் நின்று நீங்கள் உங்களைப் பற்றி முணுமுணுப்பதையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவளிடம் கடனையும் மறைக்க வேண்டாம். 13 வயதுப் பிள்ளைக்குத் தொகை தெரியத் தேவையில்லை; ஆனால் "சடங்குக்கு அளவுக்கு மேல் செலவழித்துவிட்டோம், அடைத்துக்கொண்டு வருகிறோம், அதில் உன் பிழை எதுவும் இல்லை" என்று சொல்லலாம். தன் சடங்கினால்தான் அம்மா அழுகிறாள் என்று அவள் தனக்குள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடும்.

கடனும் வீட்டு உறுதியும்

முதலில் கொடியை மீட்க வேண்டும் என்று துடிக்கிறீர்கள். வெட்கம் போடும் வரிசை அது. கணக்குப் போடும் வரிசை வேறு. குழுக் கடனின் வட்டி, பெரும்பாலும் வங்கி அடகு வட்டியை விட அதிகம். வாராவாரம் கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றப் பெண்களின் மேலும் சுமை விழும். இரண்டின் வட்டியையும் ஒரு கொப்பியில் எழுதி, கணவரோடு இருந்து பாருங்கள். வட்டி கூடியதை முதலில் அடையுங்கள். அடகுச் சீட்டின் தவணைத் திகதியை மட்டும் தவற விடாதீர்கள். முடிவதற்கு முன் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம், விட்டுவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் கடன் எடுக்க வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்திடம் தவணையை நீட்டிக் கேட்பதற்கு உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரின் துணையை நாடலாம்.

"அவர் கேட்டால் வீட்டை ஈடு வைக்கத்தானே வேண்டும், கணவன் அல்லவா?" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நான் வழக்கறிஞர் அல்ல. ஆயினும் பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமையில் மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் மட்டக்களப்புத் தமிழரைக் கட்டுப்படுத்தாது. இங்கே பொதுச் சட்டம் பொருந்தும். மணமான பெண்களின் ஆதனம் தொடர்பான 1923 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி உங்கள் பெயரில் உள்ள ஆதனம் உங்களுடையது. அதை ஈடு வைப்பதா என்பதைத் தீர்மானிப்பவரும் நீங்களே. உறுதி உங்கள் பெயரில் தனியாக இருக்கிறதா, இருவர் பெயரிலும் இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். மட்டக்களப்பிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் உறுதியின் பிரதியைக் காட்டி விளக்கம் கேட்கலாம்.

உங்கள் கணவர் கெட்டவர் என்று இதற்குப் பொருள் இல்லை. கடனைக் கண்டு அவரும் பயந்திருக்கிறார். ஆனால் மகளுக்கு வீடு என்பது எங்கள் பகுதியில் தாய்வழியாக வருவது. உங்கள் தாயிடமிருந்து உங்களுக்கு வந்தது, உங்களிடமிருந்து உங்கள் மகளுக்குப் போக வேண்டியது. அதை ஒரு நாள் சடங்குச் செலவுக்காக ஈட்டில் வைக்க நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

குவைத்துப் பயணத்தைப் பற்றி. அங்கே போய் உழைத்து வீட்டை நிமிர்த்திய பெண்கள் எழுவான்கரையில் பலர் இருக்கிறார்கள்; அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்களுக்கு இப்போது அது உகந்ததல்ல என்று நினைப்பதற்குக் காரணம் இரண்டு. மனம் சோர்ந்து தூக்கமில்லாமல் இருக்கும் நிலையில், பேச்சுத் துணையில்லாத அந்நிய வீட்டுக்குள் அடைபடுவது ஆபத்து. பெரியபிள்ளையான மகள், தன் நிறத்துக்காக முகத்தில் எதையோ பூசிக்கொண்டிருக்கும் இந்த வயதில், அவளைப் பற்றி நிறத்தையும் பவுணையும் கணக்குப் பார்ப்பவரிடம் இரண்டு வருடம் விட்டுச் செல்வீர்கள். குழுக் கடனின் பெரும்பகுதி அடைந்து, மருத்துவரும் உங்கள் உடல்நலத்தைப் பற்றித் திருப்தி தெரிவித்த பின்னும் போக வேண்டும் என்று தோன்றினால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கிக்கொண்டு போங்கள். அப்போது அது நீங்கள் தெளிந்த மனத்தோடு எடுத்த முடிவாக இருக்கும்.

முகவரிடம் கொடுத்த கடவுச்சீட்டை இந்தக் கிழமையே திருப்பி வாங்குங்கள். அவர் உங்களிடம் முற்பணம் எதுவும் வாங்கியிருந்தால் அதற்கான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள்; தர மறுத்தால் தனியே வாக்குவாதப்படாமல், பணியகத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் முறையிடுங்கள். போகும்போது உங்கள் கணவரையும் கூட்டிச் செல்லுங்கள்.